ஆண் இல்லாத தொட்டியிலும் குட்டி போடும் மீன்: பொசீலியா பேரினம் ஓர் அறிமுகம்

ஒரு பெண் கப்பியை மட்டும் வாங்கி வந்து தனித் தொட்டியில் விட்டால் போதும், மூன்று நான்கு வாரத்துக்குள் அதில் குஞ்சுகள் நீந்தும். அடுத்த மாதம் இன்னொரு ஈத்து. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. கூடவே ஓர் ஆண் மீன்கூடக் கிடையாது. மீன் வளர்க்கத் தொடங்கிய பலரும் குழம்பிப்போகும் இடம் இது.

குழப்பம் தீர இரண்டே செய்திகள் தெரிந்தால் போதும். இந்த மீன் முட்டையை வெளியே இடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே வைத்து வளர்த்து, நீந்தத் தெரிந்த குட்டியாகத்தான் வெளியே விடுகிறது. அதோடு, ஆணிடமிருந்து ஒருமுறை பெற்ற விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்துவைத்து, ஒவ்வோர் ஈத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிக்கிறது. கடைத் தொட்டியில் ஆண்களோடு இருந்தபோதே காரியம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தது ஏற்கெனவே சினைப்பட்ட மீன்.

கப்பி, மாலி எல்லாம் சேர்ந்த பொசீலியா என்ற பேரினத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு செய்திகளும்தான் திறவுகோல். அவை எப்படி உலகம் முழுக்கப் பரவின, ஏன் பரிணாம ஆய்வாளர்கள் ஐம்பது அறுபது ஆண்டாக இவற்றை விடாமல் துரத்துகிறார்கள், ஆணே இல்லாத ஒரு மீனினம் எப்படி இவற்றிலிருந்து கிளைத்தது என்று எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்போம்.

பேரினம் என்றால் என்ன, இதில் யார் யார்?

நெருங்கிய உறவுள்ள இனங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் தொகுப்புக்குப் பேரினம் என்று பெயர். சிங்கமும் புலியும் வெவ்வேறு இனங்கள், ஆனால் பாந்தெரா என்ற ஒரே பேரினம். அதேபோல் கப்பி ஓர் இனம் (பொசீலியா ரெட்டிகுலேட்டா), பாய்மர மாலி இன்னோர் இனம் (பொசீலியா லாட்டிபின்னா). இரண்டும் பொசீலியா பேரினத்தில் அடக்கம். அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினத்தையும் இரண்டாவது சொல் இனத்தையும் சொல்லும். இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் இருக்கின்றன. இயற்கையில் இவை வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கில் தொடங்கி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் வழியாகத் தென் அமெரிக்கா வரை.

பேரினத்துக்கு மேலே இருப்பது குடும்பம். பொசீலியா சேர்ந்த குடும்பத்துக்கு பொசீலிடே என்று பெயர். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பிளாட்டி, வாள்வால் இரண்டும் குட்டி போடும் மீன்கள்தான், கடையில் கப்பிக்குப் பக்கத்துத் தொட்டியில்தான் இருக்கும். ஆனால் அவை ஜிஃபோஃபோரஸ் என்ற வேறு பேரினம். கொசுமீன் எனப்படும் கம்பூசியாவும் வேறு பேரினமே. குடும்பம் ஒன்று, கிளை வேறு.

பேரினத்துக்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது 1801-இல். மார்க்கஸ் எலீசர் பிளாக் என்ற ஜெர்மானிய மீனியலாளர் எழுதி வைத்துவிட்டுப் போன பெரும் நூலை, அவர் இறந்த பிறகு யோஹான் ஷ்னைடர் முடித்து வெளியிட்டார். பொசீலியா அதில்தான் அறிமுகமானது. அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் ஒரே பெயர்க் குழப்பம். கப்பியை மட்டும் எடுத்துக்கொண்டால், 1859-இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் வெனிசுவேலாவிலிருந்து வந்த மீன்களைப் பார்த்து ஒரு பெயர் வைத்தார். அடுத்து டி ஃபிலிப்பி பார்படோஸ் மீன்களுக்கு வேறு பெயர் வைத்தார். 1866-இல் கரீபியன் தீவான டிரினிடாடிலிருந்து ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களைக் கண்ட ஆல்பர்ட் குந்தர், இது புதிய இனம் என்று நினைத்து அனுப்பியவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது வகைப்பாட்டு விதி. அதனால் பீட்டர்ஸின் ரெட்டிகுலேட்டா நிலைத்தது, குந்தர் வைத்தது ஏட்டிலிருந்து போயிற்று. மக்கள் வாயில் மட்டும் கப்பி ஒட்டிக்கொண்டது.

மாலிகளுக்கும் கப்பிகளுக்கும் ஒரு காலத்தில் தனித்தனிப் பேரினங்கள் இருந்தன. 1963-இல் டான் ரோசனும் ரீவ் பெய்லியும் குடும்பம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்து, இவற்றை ஒரே பேரினத்துக்குள் கொண்டுவந்தார்கள். மரபணுச் சான்றுகளைக் காட்டி மறுபடியும் பிரிக்க வேண்டும் என்போர் இன்றும் உண்டு. தொடக்க நிலையில் இந்த வழக்குக்குள் நுழைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பேரினம் என்பது இயற்கை போட்ட கோடு இல்லை, உறவைப் புரிந்துகொள்ள மனிதர் போடும் கோடு. சான்று மாறினால் கோடும் நகரும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பெரும்பாலான மீன்களில் பெண் முட்டையை நீரில் விடும், ஆண் அதன்மேல் விந்தைத் தெளிக்கும், கருவுறுதல் வெளியே நடக்கும். பொசீலியாவில் கருவுறுதல் பெண்ணின் உடலுக்குள் நடக்கிறது. அதற்கு ஆணிடம் ஒரு கருவி வேண்டும். வயிற்றுக்கு அடியில், வாலுக்கு முன்னால் இருக்கும் குதத்துடுப்புதான் அந்தக் கருவி. பெண்ணுக்கு அது விசிறிபோல் விரிந்திருக்கும். ஆண் பருவத்துக்கு வரும்போது அந்தத் துடுப்பின் மூன்று, நான்கு, ஐந்தாம் முட்கள் நீண்டு ஒன்றுசேர்ந்து மெல்லிய குச்சியாக மாறும். இதற்குக் கோனோபோடியம் என்று பெயர். சாதாரணமாக உடலோடு ஒட்டிப் பின்னோக்கிக் கிடக்கும். தேவைப்படும்போது முன்னும் பக்கவாட்டிலும் சுழலும். ஆணா பெண்ணா என்று பார்க்க நிறத்தைவிட இதுதான் நம்பகமான அடையாளம். கறுப்பு மாலியில் இரண்டும் ஒரே கறுப்பு, அப்போது துடுப்பைத் தவிர வேறு வழியில்லை.

ஆண் கொடுப்பது தனித்தனி விந்தணுக்களை அல்ல, அவை கட்டுக்கட்டாகச் சேர்ந்த பொதிகளை. பெண்ணின் உடலுக்குள் போனதும் பொதி அவிழ்ந்து, விந்தணுக்கள் சூலகத்தின் மடிப்புகளில் தங்கிவிடுகின்றன. பல ஆண்களின் விந்து ஒரே சமயத்தில் சேமிப்பில் இருக்கலாம். ஒரே ஈத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று தந்தையர் இருப்பது கப்பிகளில் சர்வசாதாரணம். இன்னும் ஒரு படி மேலே போய், டிரினிடாட் ஓடைகளில் நடந்த ஆய்வுகள் காட்டியது இது: ஆண் செத்துப்போன பிறகும் பெண்களின் வயிற்றிலிருக்கும் அதன் விந்திலிருந்து குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன.

முட்டை முதிர்ந்ததும் சேமிப்பிலிருந்து விந்து வந்து சேர்கிறது. கரு வளர்வது முட்டை உருவான அதே பைக்குள்தான். கோழிக்குஞ்சு மஞ்சள்கருவைத் தின்று வளர்வதுபோல, கப்பிக் கரு தன் முட்டையில் தாய் முன்கூட்டியே நிரப்பி வைத்த மஞ்சள்கருவைத் தின்றே பெரும்பாலும் வளர்கிறது. தாயிடமிருந்து அதற்குத் தொடர்ந்து கிடைப்பது முக்கியமாக உயிர்வளி. அதனால் இதைப் பாலூட்டிகளின் கர்ப்பத்தோடு ஒன்றாக எண்ணக் கூடாது. நஞ்சுக்கொடி வழியாக உணவு போகும் ஏற்பாடு இங்கே இல்லை. இதே குடும்பத்தில் பொசீலியாப்சிஸ் என்ற பக்கத்துப் பேரினத்தில் சில இனங்கள் நஞ்சுக்கொடி போன்ற திசுவையே உருவாக்கிக்கொண்டிருக்கின்றன என்பது வேறு கதை, அதுவும் சுவையான கதைதான்.

நீரின் வெப்பத்தைப் பொறுத்து மூன்று முதல் நான்கு வாரங்களில் குட்டிகள் தயார். சினை முற்றும்போது வயிற்றின் பின்பகுதியில், குதத்துக்கு மேலே, ஒரு கறுத்த திட்டு பெரிதாகிக்கொண்டே வரும். வெளிர்நிறப் பெண்ணை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், கடைசி நாட்களில் அந்தத் திட்டுக்குள் கறும்பொட்டுகள் தெரியும். அவை குட்டிகளின் கண்கள். வயிறு உருண்டையாக இருந்தது போய் ஓரங்கள் சற்றுச் சதுரமாகத் தெரியத் தொடங்கினால், இன்றோ நாளையோ என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறப்பைக் கண்ணால் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெண் மீன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, செடி ஓரத்திலோ ஹீட்டர் பக்கத்திலோ நின்றுகொண்டிருக்கும். உடல் ஒருமுறை சிலிர்க்கும். சுருண்ட நிலையில் ஒரு குட்டி வெளியே விழும். சில தலை முன்னால், சில வால் முன்னால். ஓரிரு நொடி அப்படியே கீழ்நோக்கி இறங்கும். பிறகு சுருள் நிமிர்ந்து, வாலை இரண்டு உதறு உதறி, நேராகப் பாசிக்குள் பாயும். ஏழெட்டு மில்லிமீட்டர் உடம்பு, அதில் பாதி கண் என்று தோன்றும். பிறந்த கணத்திலிருந்தே அதற்கு இரை தேடத் தெரியும், ஒளியவும் தெரியும். ஒளியத் தெரியாவிட்டால் பிழைப்பு கஷ்டம், ஏனென்றால் முதலில் திரும்பிப் பார்த்து வாயைத் திறப்பது பெற்ற தாயாகவே இருக்கலாம். இதில் கொடுமை ஒன்றுமில்லை. அளவில் சிறியதாய் முன்னால் அசைவது எதுவும் அந்த மீனுக்கு இரை, அவ்வளவே.

முதல் ஈத்தில் ஐந்தாறு குட்டிகளே இருக்கலாம். வளர்ந்த பெரிய பெண் ஒரே ஈத்தில் ஐம்பது, அபூர்வமாக நூறுகூடப் போடும். குட்டி போட்ட சில நாட்களுக்குள் அடுத்த தொகுதி முட்டைகள் கருவுற்றுவிடும். மூன்று மாதத்தில் முதல் குட்டிகளே தாயாகிவிடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வளர்ப்பவருக்குக் கொஞ்சம்

தொடங்குகிறவர்களுக்குக் கப்பி எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். எளிதுதான், ஆனால் அந்தப் பேச்சில் கண்ணாடிக் கிண்ணமே போதும் என்ற பொருள் ஒளிந்திருந்தால் அது தவறு. வடிகட்டி வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும், வெப்பம் 24-லிருந்து 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. பொசீலியாக்களுக்குப் பொதுவாகக் கடினநீர் பிடிக்கும். மாலிகளுக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். பாய்மர மாலி இயற்கையில் உப்பங்கழிகளிலும் வாழ்கிறது, கடல்நீரைக்கூடத் தாங்கும். மென்னீரில் மாலியை விட்டுவிட்டு, துடுப்பைச் சுருக்கி நின்ற இடத்திலேயே தள்ளாடுகிறதே என்று மருந்து தேடுவோர் முதலில் தண்ணீரைச் சோதிக்கட்டும். அளவும் கவனிக்க வேண்டிய விஷயம்: கப்பி ஆண் மூன்று சென்டிமீட்டரில் நின்றுவிடும், பாய்மர மாலி 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது.

ஆண்கள் பெண்களை ஓயாமல் துரத்தும். உடலை ஆங்கில எஸ் எழுத்துபோல் வளைத்து, துடுப்பை விரித்து, நடுங்கியபடி பெண்ணின் முன்னால் ஆடிக்காட்டுவது கப்பி ஆணின் கண்ணியமான முறை. ஆட்டம் பலிக்காதபோது பின்பக்கமாக வந்து திருட்டுத்தனமாக முயல்வது இன்னொரு முறை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று ஜோடியாக விட்டால் அந்தப் பெண்ணுக்கு ஓய்வே இருக்காது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுவார்கள். குட்டியே வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வளர்ப்பது ஒன்றே உறுதியான வழி. பெண்களை மட்டும் வளர்ப்பது வழியில்லை என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

குறிப்பிட்ட நிறவகையைக் கலப்பில்லாமல் காக்க நினைப்பவர்கள், குட்டிகளில் ஆண்களின் குதத்துடுப்பு குச்சியாகத் தொடங்கும் முன்பே, முதல் மாதத்துக்குள், பிரித்துவிடுவார்கள். ஒரு நாள் தாமதித்தாலும் சேமிப்பு தொடங்கிவிடும், பிறகு எந்தக் குட்டி யாருடையது என்று சொல்ல முடியாது.

கடைகளில் பலூன் மாலி என்று உருண்டையாக ஒன்று விற்பார்கள். முதுகெலும்பு சுருங்கிப்போன குறைபாட்டைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மீன் அது. உள்ளுறுப்புகள் நெருக்கிக்கொண்டு இருக்கும் உடம்பு. பிறகு அதிலேயே சினையும் சுமக்க வேண்டும். பார்க்க வேடிக்கையாக இருப்பதற்காக ஓர் உயிரை இப்படிச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆற்றில் விட்டால்?

கூடாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கொசுப்புழுவைத் தின்னும் என்ற நம்பிக்கையில் இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் கப்பிகளை நாடு நாடாகக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று தம் இயற்கையான இடத்துக்கு வெளியே சுமார் 70 நாடுகளில் அவை நிலைத்து வாழ்கின்றன. தொட்டியிலும் பீப்பாயிலும் கப்பி கொசுப்புழுவைத் தின்பது உண்மை. ஆனால் ஆறு குளங்களில் விட்டதால் கொசுவால் வரும் நோய் குறைந்தது என்பதற்கான சான்றுகள் மிகப் பலவீனமானவை. அங்கே தின்ன வேறு பல கிடைக்கும்போது கொசுப்புழுவை மட்டும் தேடித் தின்ன அதற்கென்ன நேர்த்திக்கடனா?

சாக்கடை நீரிலும் பிழைக்கும் தாங்கும்திறன் ஒரு காரணம் என்றால், பரவுவதற்கு முதல் காரணம் நாம் முதலில் பார்த்த அந்த ஏற்பாடுதான். முட்டையிடும் மீன் புதிய இடத்தில் காலூன்ற ஆணும் பெண்ணும் போய்ச் சேர வேண்டும், சந்திக்க வேண்டும், முட்டை பிழைக்க வேண்டும். கப்பிக்குச் சினைப்பட்ட ஒரே ஒரு பெண் போதும். டிரினிடாடில் காட்டுக் கப்பிப் பெண்களை ஒவ்வொன்றாகத் தனித்தனித் தொட்டிகளில் விட்டு இரண்டு ஆண்டு கவனித்தபோது, பெரும்பாலான தொட்டிகளில் அந்த ஒற்றைப் பெண்ணிலிருந்தே நிலையான கூட்டம் உருவாகிவிட்டது. வாளித் தண்ணீரோடு ஓடையில் கொட்டப்படும் ஒரு மீனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அங்கே ஏற்கெனவே வாழும் சிறு மீன்களின் குஞ்சுகளும் இரையும்தான் பறிபோகும். மிஞ்சிய குட்டிகளை வேறொரு வளர்ப்பாளரிடமோ கடைக்காரரிடமோ கொடுங்கள்.

டிரினிடாட் ஓடைகள் சொல்வது

கப்பியை உயிரியல் பாடப்புத்தகத்துக்குள் கொண்டுபோனது டிரினிடாட் தீவின் வடக்கு மலைத்தொடர். அங்கே சிற்றோடைகள் அருவி அருவியாக இறங்குகின்றன. பெரிய மீன்களால் அருவியை ஏற முடியவில்லை, கப்பிகள் எப்படியோ ஏறிவிட்டன. அதனால் ஒரே ஓடையில் இரண்டு உலகங்கள். அருவிக்குக் கீழே கிரெனிசிக்லா என்ற கொன்றுண்ணி மீன். வளர்ந்த கப்பிகளையே அது விழுங்கும். அருவிக்கு மேலே ரிவுலஸ் என்ற சிறு மீன் மட்டும், அதுவும் எப்போதாவது குட்டிக் கப்பிகளைத்தான் பிடிக்கும்.

கீழே வாழும் ஆண் கப்பிகள் மங்கலானவை. மேலே வாழ்பவை ஆரஞ்சும் நீலமும் கறுப்பும் அள்ளித் தெளித்தாற்போல் மின்னுபவை. 1970-களில் இதை ஆராய்ந்த ஜான் எண்ட்லர் இரண்டு வகையில் சோதித்தார். ஒன்று செயற்கைக் குளங்களில். குளத்தின் அடியில் சிலவற்றில் பொடிக் கூழாங்கல், சிலவற்றில் பெரிய கல். கொன்றுண்ணி இருந்த குளங்களில் தலைமுறை போகப் போக ஆண்களின் புள்ளிகள் கல்லின் அளவோடு ஒத்துப்போய் அதனோடு கலந்துவிட்டன. கொன்றுண்ணி இல்லாத குளங்களில் நேர்மாறாக, கல்லோடு ஒத்துப்போகாமல் எடுப்பாகத் தெரியும் புள்ளிகள் பெருகின. ஒரு பக்கம் தின்பவரின் கண், இன்னொரு பக்கம் பெண்ணின் கண். ஆணின் நிறம் இந்த இரண்டுக்கும் நடுவே இழுபட்டு நிற்கிறது.

இரண்டாவது சோதனை ஆற்றிலேயே. 1976-இல் கிரெனிசிக்லா இருக்கும் பகுதியிலிருந்து சுமார் 200 கப்பிகளைப் பிடித்து, ரிவுலஸ் மட்டுமே இருந்த, கப்பியே இல்லாத ஒரு கிளையோடையில் விட்டார். இரண்டு ஆண்டுக்குள் அவற்றின் வழிவந்த ஆண்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வண்ணமயமாகிவிட்டன. பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்ற எண்ணத்தை அசைத்த சோதனைகளில் இது ஒன்று.

என்னைக் கேட்டால் நிறத்தைவிட முக்கியமானது டேவிட் ரெஸ்னிக் குழுவினர் அதே மீன்களில் பிறகு கண்டது. அவர் எண்ணியது நிறத்தை இல்லை, குட்டிகளை. கொன்றுண்ணி உள்ள ஓடையில் கப்பி சின்ன வயதிலேயே பருவமடைந்து, எண்ணிக்கையில் நிறைய, அளவில் சிறிய குட்டிகளைப் போடுகிறது. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில் சீக்கிரம் பெற்றுவிடுவது லாபம். அருவிக்கு மேலே அவசரம் இல்லை. அங்கே தாமதமாகப் பருவமடைந்து, குறைவான, பெரிய குட்டிகளைப் போடுகிறது. எண்ட்லர் இடம் மாற்றிய கூட்டத்தைப் பதினொரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 30-லிருந்து 60 தலைமுறைக்குள், கீழோடை வழக்கத்தை விட்டு மேலோடை வழக்கத்துக்கு அது மாறியிருந்தது. குட்டிகளை ஆய்வகத்தில் ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தும் வேறுபாடு நீடித்தது. அதாவது, மாறியது மரபு.

ஆரஞ்சு நிறத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. அந்த நிறமியை மீனால் முழுதாகத் தானே செய்துகொள்ள முடியாது; பாசி முதலான உணவிலிருந்து கரோட்டினாய்டு என்ற நிறப்பொருள் கிடைக்க வேண்டும். நன்றாக இரை தேடும் ஆணின் ஆரஞ்சு பளிச்சென்று இருக்கும், பெண்களும் அதை நாடும். டிரினிடாட் ஓடைகளில் விழும் ஆரஞ்சுநிறப் பழங்களைக் கப்பிகள் மொய்த்துத் தின்பதைப் பார்த்து, அந்தப் பழ ஆசையிலிருந்துதான் இந்த விருப்பமே பிறந்திருக்குமோ என்று ஒரு கருத்தும் உண்டு. ஆரஞ்சு வட்டுகளைத் தண்ணீரில் போட்டால் கப்பிகள் ஆண் பெண் வேறுபாடின்றி வந்து கொத்துகின்றன.

நச்சு நீரில் மாலிகள்

மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில், தியாபா ஊரின் பக்கம், அழுகிய முட்டை நாற்றம் வீசும் கந்தக ஊற்றுகள் உள்ளன. நீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செல்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் இயந்திரத்தையே முடக்கும் நஞ்சு. உயிர்வளியும் அங்கே மிகக் குறைவு. அந்த நீரில் சில மாலி இனங்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. தலையும் செவுளும் பெரிதாகி, மேல்மட்டத்து நீரை உறிஞ்சியபடி பொழுதைக் கழிக்கின்றன. குட்டி போடுவதிலும் ஒரு மாற்றம்: நல்ல நீரில் வாழும் உறவினர்களைவிட எண்ணிக்கையில் குறைவாக, அளவில் பெரிதாகப் போடுகின்றன. பெரிய உடம்புக்கு நச்சைத் தாங்கும் வாய்ப்பு அதிகம்.

மேல்மட்டத்திலேயே இருந்தால் பறவைக்கு விருந்துதான். கந்தக மாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பறவை நெருங்கினால் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நேரத்தில் வாலால் நீரை அடித்து உள்ளே மூழ்கும். நீர்ப்பரப்பில் அலை ஒன்று ஓடும். மூன்று நான்கு நொடி கழித்து மறுபடியும், மறுபடியும், சில சமயம் இரண்டு நிமிடம் வரை. அலை எழும்போது மீன்கொத்தி போன்ற பறவைகள் அடுத்த பாய்ச்சலுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆண்களே இல்லாத இனம்

கடைசியாக, இந்தப் பேரினத்தின் ஆகப்பெரிய விசித்திரம். 1932-இல் கார்ல் ஹப்ஸும் லாரா ஹப்ஸும் ஒரு மாலியைப் பற்றி எழுதினார்கள். பொசீலியா ஃபார்மோசா, வழக்கில் அமேசான் மாலி. அமேசான் ஆற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கிரேக்கக் கதைகளில் வரும் பெண் வீரர்களின் பெயர் அது. மெக்சிகோவின் வடகிழக்கிலும் டெக்சாஸின் தெற்கிலும் வாழும் இந்த மீனில் எல்லாமே பெண். முதுகெலும்புள்ள விலங்குகளில் முழுக்கப் பெண்களால் ஆன இனம் ஒன்று இருக்கிறது என்று முதன்முதலில் தெரியவந்தது இதனால்தான்.

சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக் மாலி எனப்படும் பொசீலியா மெக்சிகானா இனத்துப் பெண்ணுக்கும் பாய்மர மாலி ஆணுக்கும் பிறந்த கலப்பு மீன்தான் இதன் மூதாய். அந்தக் கலப்பில் முட்டை உருவாகும் வழியே மாறிவிட்டது. தாயின் முழு மரபுத்தொகுதியும் பாதியாகப் பிரியாமல் அப்படியே முட்டைக்குப் போகிறது. மகள் தாயின் நகல், பேத்தி மகளின் நகல்.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்த முட்டை தானாக வளரத் தொடங்குவதில்லை. விந்தணு ஒன்று வந்து தொட்டால்தான் கருவளர்ச்சி முடுக்கிவிடப்படும். சொந்த இனத்தில் ஆண் இல்லை. அதனால் பக்கத்தில் வாழும் பாய்மர மாலி, அட்லாண்டிக் மாலி ஆண்களோடு இது கூடுகிறது. விந்து முட்டையை எழுப்பிவிடுகிறது, அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஆணின் மரபு குட்டிக்குப் போவதில்லை. குட்டி வயிற்றுக்குள் வளர்வதும் பிறப்பதும் மற்ற மாலிகளைப் போலத்தான். உள்ளே கருவுறும் ஏற்பாடு முன்பே இருந்த ஒரு பேரினத்தில்தான் இப்படிக் கடன் வாங்கிய விந்தில் ஓர் இனம் நடக்க முடிந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்த ஆணுக்கு இதில் என்ன கிடைக்கிறது? தன் பிள்ளை ஒன்றுகூட இல்லாத உறவுக்கு ஏன் நேரம் செலவிட வேண்டும்? ஆய்வாளர்கள் பாய்மர மாலிப் பெண்களைப் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அமேசான் மாலியோடு ஓர் ஆண் இருப்பதைக் கண்ட பெண்களுக்கு அந்த ஆணின்மேல் நாட்டம் கூடியது. இன்னொருத்தி விரும்பும் ஆண் என்றால் தேறுவான் என்ற கணக்குப்போலும். ஆக, ஏமாந்தாலும் ஆணுக்கு முழு நஷ்டமில்லை.

பாலினக் கலப்பு இல்லாமல் நகலெடுத்துக்கொண்டே போகும் இனத்தில் பழுதுகள் சேர்ந்து சேர்ந்து சீக்கிரம் அழிந்துவிடும் என்பது உயிரியலில் நீண்டகால எதிர்பார்ப்பு. 2018-இல் இதன் முழு மரபுத்தொகுதியைப் படித்தபோது, எதிர்பார்த்த சீரழிவு காணப்படவில்லை. இரண்டு வேறு இனங்களிலிருந்து வந்த மரபுத்தொகுதிகள் சேர்ந்த கலப்பின் வலு அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று விளக்கம் தருகிறார்கள்.

ஆய்வகங்களில் அமேசான் மாலிகளை வளர்ப்பவர்கள் விந்துக்காகப் பெரும்பாலும் கறுப்பு மாலி ஆண்களைத் தொட்டியில் விடுவார்கள். தந்தையின் மரபு கலந்தால் குட்டியின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும் என்பது இதில் வசதி. பிறக்கும் குட்டிகள் தாயைப் போலவே வெளிர்சாம்பலாக இருக்கும். மிக அபூர்வமாக, ஏதோ ஒரு குட்டியின் உடலில் கறும்புள்ளிகள் தோன்றும்: கறுப்பு மாலியின் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு முழுதாய் வெளியேற்றப்படாமல் தங்கிவிட்டதன் அடையாளம். அந்தத் துண்டு பிறகு தாயிடமிருந்து மகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் போகவும் செய்யும்.